நாற்பதாவது பீப்பாய்

கித்தான் நாற்காலியிலிருந்து மாமனாரைப் பிரித்தெடுப்பதற்குள் மல்லிகாவுக்கும் அவள் புருஷன் ஜெயபாலனுக்கும் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

பொன்னுதுரை ஆறடி ஆள். விடிந்ததும் காப்பியை வாங்கிக்கொண்டு வாசலில் சாய்ந்தவர், டம்ளரை எடுக்க மல்லிகா திரும்பி வந்தபோது அதே சாய்வில் முடிந்துபோயிருந்தார். காப்பி பாதி மிச்சம். முகத்தில் வலி, வேதனை ஒன்றும் இல்லை. யாரோ ஏதோ கேட்டு, "இரு, யோசிச்சுச் சொல்றேன்" என்று கண்ணை மூடிக்கொண்டவர் மாதிரி இருந்தார். கித்தான் தொய்ந்து அவரை இடுப்புவரை விழுங்கி வைத்திருந்தது. ஜெயபாலன் தோளைத் தூக்கினால் கால் உள்ளே போயிற்று. மல்லிகா காலை இழுத்தால் தலை சாய்ந்தது.

ஓலமிட்டுக்கொண்டே ஓடி வந்த அடுத்த வீட்டுப் பொன்னம்மா இவர்கள் படும் பாட்டைப் பார்த்து ஓலத்தை நிறுத்தினாள். நாற்காலியின் பின்கட்டையை ஒரே இழுப்பில் உருவினாள். பெரியவர் மெத்தென்று பாயில் இறங்கினார்.

"இருந்தப்பவே இந்த நாக்காலிய விட்டு எந்திரிக்கச் சொன்னா எந்திரிக்க மாட்டாரு. இப்ப மட்டும் எந்திரிப்பாராக்கும்" என்றாள் பொன்னம்மா. சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஓலத்தைத் தொடர்ந்தாள்.

மல்லிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மாமனாரைப் பார்த்தாள். அவர் இருந்திருந்தால் இதற்கு முதலில் சிரித்திருப்பார்.

கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். சட்டையைக் கழற்றும்போது பையிலிருந்து ஒரு பென்சில் துண்டும், நான்காய் மடித்த தாளும் விழுந்தன. பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கம்பெனி நிலத்தின் படம். அதில் அங்கங்கே பெருக்கல் குறிகள். எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை; முப்பத்தொன்பது என்று மல்லிகாவுக்குத் தெரியும். தாளின் ஓரத்தில், நிலத்துக்கு வெளியே, ஒரு ஒன்றைப் போட்டு அதைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். அது எந்த இடம் என்பதுதான் அவருக்கே தெரியாதே.

ஜெயபாலன் தாளைப் பார்த்தான். மல்லிகாவைப் பார்த்தான். அன்று மூன்று மணிக்கு முனிசிபல் சுகாதார இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது.

காஜா பேராங்கில் அந்த எட்டு வீட்டு வரிசையை 'மருந்துக் கம்பெனி லைன்' என்றுதான் சொல்வார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று அங்கே லாலாங் புல்லைக் கொல்லும் மருந்து கலந்து, மலாக்காவைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களுக்கெல்லாம் விற்று வந்தது. பாஷாணத்தில் காய்ச்சிய மருந்து. ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கரண்டி கலந்தால் போதும். புல் மட்டுமல்ல, புல்லை மேய்ந்த மாடும் போய்ச் சேர்ந்துவிடும். பொன்னுதுரை அங்கே முப்பது வருஷம் ஸ்டோர் மண்டோர், அதாவது மேஸ்திரி.

நாற்பத்திரண்டாம் வருஷம் ஜப்பான்காரன் மூவாரைத் தாண்டிவிட்டான் என்று செய்தி வந்த அன்று, மேனேஜர் துரை ஸ்டோரில் இருந்த நாற்பது பீப்பாய்களையும் புதைக்கச் சொன்னார். எதிரி கையில் சிக்கக்கூடாதாம். ஏழு பேர் இரண்டு நாள் தோண்டிப் புதைத்தார்கள். துரை கப்பலேறினார். சண்டை முடிந்து வந்த புதுத் துரைக்குப் புதிய பீப்பாய்கள் வந்துவிட்டதால், பழையதைத் தோண்ட அவர் மெனக்கெடவில்லை. அடையாளத்துக்கு வைத்த ரம்புத்தான் மரங்கள் விறகாகிப் போயின. வேலி நகர்ந்தது. புதைத்த ஏழு பேரில் ஆறு பேர் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள்.

மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்து இரண்டாம் வருஷம் கம்பெனி கடையைக் கட்டியது. நிலத்தை வாங்கியவர் ஜாலான் பெண்டஹாராவில் மளிகைக்கடை வைத்திருந்த கருப்பையா செட்டியார். வாங்கியது எதற்கு? மிளகாய்த்தூளும் மசாலாத்தூளும் அரைக்கும் ஆலை வைக்க.

பத்திரம் எழுதிய இரண்டாம் வாரம் பொன்னம்மாவின் ஏழு வாத்துகள் கம்பெனிக் கிணற்றடியில் வரிசையாக மல்லாந்து கிடந்தன. அவள் வாத்துகளைக் கூடையில் போட்டு நேரே முனிசிபல் ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அப்படித்தான் இன்ஸ்பெக்டர் தம்பிராஜா வந்து சேர்ந்தார். பல தலைமுறைக்கு முன்பே குடியேறித் தமிழை மறந்துபோன மலாக்கா செட்டிகளின் ஊரான காஜா பேராங் செட்டி கம்போங்கைச் சேர்ந்த மனிதர். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். தமிழில் மாமா, அக்கா, சாமி மூன்றும் தெரியும். கிணற்றுத் தண்ணீரைப் புட்டியில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார். விஷம் என்று பதில் வந்தது. புதைத்ததையெல்லாம் எடுத்து, ஒழுகிய இடத்து மண்ணையும் வெட்டிச் சிமெண்டுத் தொட்டியில் சுண்ணாம்போடு போட்டு மூடினால்தான் ஆலைக்கு அனுமதி என்று சொல்லிவிட்டார்.

செட்டியாரின் பத்திரத்தில் ஒரு வழி இருந்தது. இந்த மாதக் கடைசிக்குள் நிலம் சரியில்லை என்று தெரிந்தால் அவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அப்படிக் கொடுத்தால் கம்பெனி ஏஜெண்டு எட்டு வீட்டையும் இடித்துவிட்டு வெற்று நிலமாக வேறு ஆளுக்கு விற்பான். ஆலை வந்தாலோ, வீடுகள் அப்படியே இருக்கும், எட்டு மாதமாக வேலையில்லாத ஜெயபாலனுக்கு எஞ்சின் டிரைவர் வேலையும் இருக்கும். செட்டியாரே வாயால் சொல்லியிருந்தார்.

ஆக, எல்லாம் பொன்னுதுரையின் ஞாபகத்தில் வந்து நின்றது. எழுபத்தொரு வயதில் மனிதருக்கு மறுபடி வாலிபம் திரும்பிவிட்டது. நீளமான இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு மூன்று மாதம் அந்த நிலத்தைக் குத்திக் குத்திக் கேட்டார். லாலாங் முளைக்காத இடத்தைக் கண்டால் குழந்தையைக் கண்டது போல ஓடுவார். அவர் சொல்லச் சொல்ல மல்லிகா நோட்டில் எழுதினாள். எத்தனையாவது பீப்பாய், எந்த மூலை, எத்தனை அடி ஆழம், ஒழுகலா, முழுசா. கை நடுக்கத்தால் அவரால் எழுத முடியாது; அவளைப் போல முத்து முத்தாக எழுதவும் அந்த லைனில் ஆள் கிடையாது. முப்பத்தொன்பது கிடைத்தது; ஜெயபாலன் தோண்டி எடுத்துத் தொட்டியில் போட்டான். நாற்பதாவதுக்காக இருபது நாளாகக் குத்திக்கொண்டிருந்தார். கிடைக்கவில்லை என்பது மல்லிகாவுக்கும் ஜெயபாலனுக்கும் மட்டும்தான் தெரியும். மற்றவர்களிடம், "இன்ஸ்பெக்டர் வர்றன்னைக்கு முழு விவரமும் சொல்றேன்" என்று சொல்லி வைத்திருந்தார்.

விவரம் சொல்லாமல் போய்விட்டார்.

பத்து மணிக்கெல்லாம் பந்தல் போட்டாயிற்று. நல்ல சாவு என்பதால் வந்தவர்கள் முகத்தில் பெரிய துக்கம் இல்லை. பெரியவர் யாரை எப்படிக் கேலி செய்தார் என்று ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். பொன்னம்மா ஒப்பாரி வைத்தாள். தோட்டத்தில் வளர்ந்தவள், நல்ல குரல். நாலாவது அடியில் ஏழு வாத்துகளும் வந்துவிட்டன. "ஏழு வாத்துக்கும் ஞாயம் கேட்ட எங்க ராசா" என்று அவள் இழுத்ததும், சுற்றி உட்கார்ந்து மார்பில் தட்டிக்கொண்டிருந்த பெண்களின் தோள்கள் குலுங்கின. அழுகையா, வேறு ஏதாவதா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

பெரியவரின் தம்பி கருணாகரன் தோட்டத்திலிருந்து பதினோரு மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். அண்ணன் காலைப் பிடித்து ஐந்து நிமிடம் அழுதார். பிறகு எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எல்லாம் தப்பாக நடக்கிறது என்று அறிவித்தார். விளக்கு இருக்கும் திசை தப்பு, தப்புக்காரர்கள் உட்கார்ந்த இடம் தப்பு, மூங்கிலின் நீளம் தப்பு. டவுனுக்கு வந்ததும் முறையெல்லாம் போய்விட்டதென்று அரைமணி நேரம் பேசினார். கேட்க ஆள் குறைந்ததும், நீர்மாலைக்கு வேண்டியதைத் தானே பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு பின்பக்கம் போனார்.

ஒரு மணிக்குச் செட்டியார் வந்தார். கையில் மாலை, பின்னால் குடை. பந்தலில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, யாரோ நீட்டிய சோடாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மூன்று மணி விஷயத்தை இந்த நேரத்தில் எப்படிக் கேட்பது என்று அவருக்குக் கூச்சம். அடிக்கடி கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்தார்.

அடுப்படியில் ஜெயபாலன் மல்லிகாவின் பக்கத்தில் வந்து நின்றான்.

"நோட்டு எங்க?"

"அரிசி டின்னு மேல."

"கடைசி வரிய எழுதிடு. நாப்பதும் எடுத்தாச்சுன்னு."

"மாமா அப்படி எழுதச் சொல்லலியே."

"அந்த ஒன்ன ஜப்பான்காரன் எடுத்திருப்பான். இல்லாட்டித் துருப்புடிச்சு மண்ணாப் போயிருக்கும். பதினேழு வருசம் ஆச்சுல்ல."

"தகரம் மண்ணாப் போச்சுன்னா உள்ள இருந்த மருந்து எங்க போச்சு?"

அவன் வாசல் பக்கம் திரும்பி எட்டு வீட்டையும் ஒரு பார்வை பார்த்தான். காலையிலிருந்து அவன் அழவில்லை. இப்போது அழுதுவிடுவான் போல இருந்தது.

"எட்டு வீடு மல்லிகா" என்றான்.

அவன் போனதும் அவள் நோட்டை எடுத்தாள். மாமனாரின் பென்சிலையும் எடுத்தாள். நாற்பது என்று இலக்கம் போட்டாள். எதிரே எழுத வேண்டிய இடத்தில் பென்சிலை வைத்தாள். எந்த மூலை? எத்தனை அடி? ஒழுகலா, முழுசா? பொய் சொல்வதென்றால்கூட அதற்கு மூன்று விவரம் வேண்டியிருந்தது. நோட்டை மூடி இடுப்பில் செருகிக்கொண்டாள். முடிவு செய்யவில்லை, தள்ளிப் போட்டாள்.

இரண்டரை மணிக்கு நீர்மாலை புறப்பட்டது. இறந்தவரைக் குளிப்பாட்ட மகனும் பங்காளிகளும் கிணற்றுக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வர வேண்டும். அவர்கள் வழக்கத்தில் மூத்த மருமகளும் குடம் எடுப்பாள். நாலு பேர் வெள்ளைத் துணியை மேலே விரித்துப் பிடித்தார்கள். தப்பு முழங்கியது. கருணாகரன் முன்னால் நடந்தார். எல்லோரும் பைப்படிக்குத்தான் போகிறார்கள் என்று நினைத்துக் குடத்தோடு பின்னால் வந்த மல்லிகா, கம்பெனிக் கிணற்றின் முன்னால் வந்து நின்றாள்.

கிணற்றை மூடியிருந்த பலகைகள் கழற்றி ஓரமாக அடுக்கப்பட்டிருந்தன.

மூன்று மாதத்துக்கு முன் மாமனார் தன் கையால் ஆணி அடித்த பலகைகள். லைனில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது என்று, எச்சரிக்கையை எழுதாமல், செத்துப்போன வாத்து ஒன்றைத் தாரில் வரைந்திருந்தார். கால் இரண்டும் மேலே, வயிறு பெரிதாக. லைனில் இருந்த அத்தனை பேருக்கும் அது புரிந்தது. கருணாகரன் தோட்டத்துக்காரர். பிள்ளைகள் கிறுக்கி விளையாடியிருக்கிறார்கள் என்று நினைத்து, ஒரு பாராங் கத்தியை வாங்கி ஆணிகளைப் பிடுங்கிவிட்டார். சுற்றி இருந்தவர்களும் தடுக்கவில்லை. இன்றைக்குத்தான் மூன்று மணிக்கு எல்லாம் முடிகிறதே, பெரியவர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டாரே என்று இருந்துவிட்டார்கள்.

ஜெயபாலன் கயிற்றுவாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குள் குனிந்தான். மல்லிகாவைப் பார்க்காமலே, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"குளிப்பாட்டத்தான் மல்லிகா. அப்பா ஒன்னும் குடிக்கப் போறதில்ல."

நியாயம்தான். செத்தவரை இன்னொரு தடவை எந்த விஷம் கொல்லும்? ஆனால் மல்லிகா துணிப் பந்தலுக்கு வெளியே நின்றவர்களைப் பார்த்தாள். எட்டு வீட்டு ஆட்களும் இருந்தார்கள். இடுப்பில் குழந்தைகள், கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைகள். இன்றைக்கு இந்தத் தண்ணீர் மாமனாரின் தலையில் விழுந்தால் போதும். நாளைக்கு இது பெரியவரைக் குளிப்பாட்டிய கிணறு. அதன் பிறகு வாத்தை வரைந்தாலும் யானையை வரைந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். நாளை மறுநாள் இதில்தான் சோறு பொங்குவார்கள்.

பந்தல் பக்கமிருந்து செட்டியார் எழுந்து வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், அரைமணி முன்னதாகவே வந்துவிட்ட இன்ஸ்பெக்டர் தம்பிராஜா, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் கக்கத்தில் ஆலைக்கான அனுமதிக் கடிதம் வைத்த காக்கி உறை இருந்தது.

"அந்தத் தண்ணி வேணாம்" என்றாள் மல்லிகா.

தப்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"சின்ன மாமா, அந்தத் தண்ணி வேணாம். இன்னும் ஒன்னு மண்ணுக்குள்ள இருக்கு."

தப்பு நின்றது. ஒருவன் கை மட்டும் பழக்கத்தில் இன்னும் இரண்டு தட்டுத் தட்டி ஓய்ந்தது.

"என்ன ஒன்னு?" என்றார் கருணாகரன்.

"பீப்பா. நாப்பதுல முப்பத்தொம்பதுதான் எடுத்திருக்கு. ஒன்ன மாமா கடைசிவரைக்கும் தேடிக்கிட்டுத்தான் இருந்தாரு. அது எங்க இருக்குன்னு தெரியாம இந்தக் கெணத்தத் தொறக்கக்கூடாது."

ஜெயபாலன் கிணற்றுக்குள் குனிந்தபடியே நின்றான். வாளி அவன் கையிலேயே இருந்தது. கயிற்றை அவன் உள்ளே இறக்கவில்லை. அவன் நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை.

செட்டியார் பக்கத்தில் வந்து கையை நீட்டினார். அவள் இடுப்பிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவசரமில்லாமல், கடைச் சரக்குப் பட்டியலைப் பார்ப்பது போல ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் நின்றார். நாற்பது என்ற இலக்கமும் அதற்கு எதிரே வெற்றிடமும்.

"எழுதியிருக்கலாம்ல ஆத்தா. யாருக்குத் தெரியப்போகுது?"

மல்லிகா கிணற்றடியில் நின்ற குழந்தைகளைப் பார்த்தாள்.

செட்டியார் நோட்டைத் தம்பிராஜாவிடம் காட்டி, மலாயில் விஷயத்தைச் சொன்னார். தம்பிராஜாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆனால் இலக்கம் தெரியும். பார்த்தார். காக்கி உறையைத் திறக்காமலே சைக்கிள் பையில் வைத்தார். பிறகு ஓரமாகக் கிடந்த பலகைகளில் ஒன்றை எடுத்துக் கிணற்றின் மேல் வைத்தார். வாத்து தலைகீழாக இருந்ததால், திருப்பி, சரியாக மல்லாந்து கிடக்கும்படி வைத்தார்.

இப்போது வேறொரு பெரிய பிரச்சினை எழுந்தது. தண்ணீருக்கு என்ன செய்வது? பொன்னம்மா பைப்படியைக் காட்டினாள்.

"பைப்புத் தண்ணியிலயா?" என்றார் கருணாகரன். "எங்கண்ணன் என்ன பஸ்ஸா, பைப்பப் போட்டுக் கழுவறதுக்கு? கெணறு வேணும். இல்லன்னா ஆறு வேணும். இல்லன்னா நான் இப்பவே பஸ் ஏறிடுவேன்."

"அடுத்த பஸ்ஸு அஞ்சு மணிக்குத்தான்" என்றாள் பொன்னம்மா.

தான் ஆணி பிடுங்கியதில் இவ்வளவு நடந்துவிட்டதே என்ற வெட்கத்தில்தான் அவர் இன்னும் சத்தமாகப் பேசினார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தம்பிராஜாவுக்குப் பேச்சு புரியவில்லை. ஆனால் ஒரு பெரியவர் வாளியையும் வானத்தையும் மாற்றி மாற்றிக் காட்டுவது எதற்கென்று புரிந்தது. அவரும் அதே சாமியைக் கும்பிடுகிற ஆள்தானே. முன்னால் வந்து கருணாகரனின் தோளைத் தொட்டார்.

"மாமா, ரூமா சாயா அடா பெரிகி" என்றார். தன் வீட்டில் கிணறு இருக்கிறது என்றார். காஜா பேராங்கிலேயே சோதித்துச் சீட்டு வாங்கிய ஒரே கிணறு அதுதான் என்று சொல்லி, சட்டைப் பையைத் தட்டினார், சீட்டு அங்கேயே இருப்பது போல.

கருணாகரன் யோசித்தார். எவ்வளவு தூரம் என்று கேட்டார். கால்மைல் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. தோட்டத்தில்கூட இவ்வளவு தூரம் நீர்மாலை போனது கிடையாது.

ஆகவே அன்று மூன்று மணி வெயிலில், வெள்ளைத் துணியும் தப்புமாக ஒரு நீர்மாலை ஊர்வலம் காஜா பேராங் சாலையில் போயிற்று. முன்னால் முனிசிபல் இன்ஸ்பெக்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். ஒரு லோரி ஓரங்கட்டி நின்றது. காப்பிக் கடைச் சீனர் எழுந்து நின்று தொப்பியை எடுத்தார். செட்டி கம்போங்கில் தம்பிராஜாவின் மனைவி சந்திரமதி, மலாய்ப் பெண்களைப் போலக் கெபாயாச் சட்டையும் சாரோங்குமாக, சத்தம் கேட்டு வெளியே வந்தாள். புருஷன் சொன்னதைக் கேட்டு உள்ளே ஓடினாள். இவர்கள் கிணற்றடிக்குப் போய்ச் சேர்வதற்குள் கிணற்று விளிம்பில் வெற்றிலையும் பூவும் ஒரு பிடி அரிசியும் இருந்தன. கருணாகரன் அதைப் பார்த்துவிட்டு, "தமிழ் தெரியல. ஆனா மொறை தெரிஞ்சிருக்கு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அன்று காலையிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அதுதான்.

ஜெயபாலன்தான் இறைத்தான். மல்லிகாவின் குடத்தை நிரப்பித் தூக்கிக் கொடுத்தபோதும் அவன் அவளோடு பேசவில்லை. குடத்தின் அடியில் கையைக் கொடுத்து, அவள் தோளில் சரியாக உட்காரும்வரை பிடித்திருந்தான்.

திரும்பும் வழியில் செட்டியார் குடையைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தார்.

"எங்க அப்பச்சி காலத்துலேருந்து ஜாலான் பெண்டஹாராவுல மொளகாப்பொடி விக்கிறோம்" என்றார். "செட்டியார் பொடியில பாசாணம்னு ஒரு சொல்லு விழுந்துச்சுன்னா அன்னைக்கோட கடைய மூட வேண்டியதுதான். நீ இன்னைக்குச் சொன்னதுக்கு எனக்குக் கோவமும் வருது. என்னன்னு சொல்லத் தெரியல, நிம்மதியாவும் இருக்கு."

அவள் குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மாசக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கு. அதுவரைக்கும் நான் பத்திரத்தத் தொடல. ஒன்பது நாளுக்குள்ள அந்த ஒன்ன எடுத்துட்டா மேல பேசுவோம். எடுக்கலைன்னா நான் யாவாரி ஆத்தா, வேற என்ன செய்ய முடியும்?"

ஒன்பது நாள். மாமனார் இருபது நாளாகத் தேடிக் கிடைக்காததற்கு ஒன்பது நாள். இடம் சொல்ல ஆளும் இல்லை. மல்லிகா தலையாட்டினாள். குடத்துத் தண்ணீர் கொஞ்சம் தளும்பிக் கழுத்தில் வழிந்தது.

பொன்னுதுரையைச் சீட்டு வாங்கிய தண்ணீரில் குளிப்பாட்டினார்கள். நெற்றியில் திருநீறு பூசியதும் மனிதர் பத்து வயது குறைந்து தெரிந்தார். ஐந்து மணிக்குத் தூக்கினார்கள். பாடை லைனைத் தாண்டும்போது பொன்னம்மா வாத்துகளைச் சேர்க்காமல் அழுதாள்.

அன்று சுடுகாட்டிலிருந்து திரும்பிய ஜெயபாலன் ஒன்றும் சாப்பிடவில்லை. பாயில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். செட்டியார் சொன்னதை மல்லிகா சொன்னாள். "ம்" என்றான். கோபமா, களைப்பா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. எட்டு வீட்டையும் தன் வாயால் இடித்துவிட்டோமோ என்று நினைத்தபடியே அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மறுநாள் காலை ஆண்கள் பால் தெளிக்கச் சுடுகாட்டுக்குப் போனார்கள். ஒன்பது மணிக்குத் திரும்பியவர்கள் பந்தலில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். மல்லிகா டம்ளர்களை எண்ணினாள். ஒன்று மிஞ்சியது. ஜெயபாலனைக் காணோம்.

பின்பக்கத்தில் கருணாகரனின் குரல் கேட்டது.

"தீட்டுக்குள்ள இரும்பத் தொடக்கூடாதுடா. பதினாறு முடியட்டும். கேக்குறியா நீ?"

மல்லிகா கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். கம்பெனிக் கிணற்றுக்கு வடக்கே ஒரு பெரிய வாழைக் கூட்டம். அந்த லைனிலேயே மிகக் கொழுத்த தார் அங்கேதான் தள்ளும். விஷமுள்ள மண்ணில் வாழை இப்படி வளருமா என்று மாமனார் அந்தப் பக்கம் கம்பியைக் கொண்டுபோனதே இல்லை. இப்போது நாலைந்து வாழைகள் சாய்ந்து கிடந்தன. அந்த இடத்தில் ஜெயபாலன் இடுப்பளவு குழிக்குள் நின்று சங்குல் மண்வெட்டியால் வெட்டிக்கொண்டிருந்தான்.

"இங்கயா?" என்றாள்.

அவன் நிமிராமல் சொன்னான். "நேத்து குனிஞ்சப்ப பாத்தேன். பலகை இல்லாததுனால வெயிலு உள்ளவரைக்கும் அடிச்சுச்சு. கெணத்துச் செவுத்துல இந்தப் பக்கம் மட்டும் துருக்கோடு எறங்கியிருக்கு. ரெண்டு ஆள் ஆழத்துல."

"நேத்தே பாத்தியா?"

"நீ வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே."

அதனால்தான் வாளியை உள்ளே இறக்காமல் நின்றானா? அவள் கேட்கவில்லை. அவன் மண்ணை அள்ளி வெளியே எறிந்தான். நேராகக் கருணாகரனின் காலடியில் விழுந்தது.

"சொன்னாக் கேக்க மாட்டான், அப்பனப் போலவே" என்றார் அவர். வேட்டியை உதறினார். இரண்டடி நகர்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பொறுத்து, "கெணத்துக்கு ஒட்டி வெட்டாதடா, செவுரு சரிஞ்சுடும். சோத்தாங்கைப் பக்கம் வெட்டு" என்றார்.

குழி மார்பளவு இறங்கியது. பிறகு கழுத்தளவு. முந்தின நாள் சுடுகாட்டில் சிரைத்த அவன் மொட்டைத் தலை மட்டும் மண்ணுக்கு மேலே தெரிந்தது. பத்து மணி வெயிலில் அது பளபளத்து, நடுவில் சிவக்கத் தொடங்கியிருந்தது.

மல்லிகா வீட்டுக்குள் போனாள். கொடியில் கிடந்த துண்டை எடுத்து நனைத்துப் பிழிந்துகொண்டு வந்தாள். குழியின் விளிம்பில் குந்தி, நாலாக மடித்து, அவன் தலையில் வைத்தாள். அவன் மேலே பார்க்கவில்லை. மண் அப்பிய கையால் அதை ஒருமுறை அழுத்தி வைத்துக்கொண்டு மறுபடி குனிந்தான்.

குழிக்குள் அந்த ஈரத் துண்டு மேலும் கீழுமாகப் போய் வந்துகொண்டிருந்தது.